அந்த மூலையைப் பெருசாக்குங்க

ஓவியர்: மெதுவா... மெதுவா வைங்க தம்பி. பெயின்ட் உரசிடப்போகுது.

ஸ்கேன்காரர்: பயப்படாதீங்க சார். கண்ணாடியில கவுத்துப் போடுற மெஷின் இல்ல இது. படம் மேஜையில மல்லாக்கப் படுத்துக்கும். கேமரா தொடாம மேலயே போகும்.

ஓவியர்: சைடுல எதுக்கு இத்தனை லைட்டு?

ஸ்கேன்காரர்: அப்பதான் பிரஷ் போன தடம்கூடத் தெளிவா வரும்.

மனைவி: தடம்கூடவா? ஏங்க... சும்மா ஒரு போட்டோ எடுத்தாப் போதாதா?

ஓவியர்: உனக்கென்ன அவசரம்? அடுப்புல பால் வச்சுட்டு வந்தியா?

மனைவி: கையெல்லாம் தூசி. போய்க் கழுவிட்டு வாங்க. இருங்க, நானும்...

ஓவியர்: நீ வேண்டாம். செவுத்தைப் புடிச்சுக்கிட்டே போயிடுவேன்.

ஸ்கேன்காரர்: சாருக்குக் கண்ணு...?

மனைவி: நடுப்பார்வை மங்கிடுச்சு. எதையும் பெருசாக்கிக் காட்டினாத்தான் தெரியும். தம்பி, அவர் வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லணும்...

ஸ்கேன்காரர்: அந்த ஆத்தங்கரை மூலையாம்மா?

மனைவி: ஐயோ! உங்களுக்கு எப்படி...?

ஸ்கேன்காரர்: ஸ்கிரீனைப் பாருங்க. படம் முழுக்கக் கோடு வலப்பக்கம் சாயுது. இங்க மட்டும் இடப்பக்கம். நீங்க வந்ததும் ரசீதுல போன் நம்பர் எழுதினது இடது கையாலதானே?

மனைவி: தண்ணின்னு நினைச்சுப் பழுப்பை அப்பி வச்சிருந்தார் தம்பி. பாக்கப் பொறுக்கல. மத்தியானம் அவர் தூங்கும்போது நான்தான்... கல்யாணத்துக்கு முன்னாடி கொஞ்சம் வரைவேன்.

ஸ்கேன்காரர்: இந்த ஒரு படம்தானா?

மனைவி: ரெண்டு வருஷமா எல்லாமே. பாக்குறவங்க பாராட்டுறப்ப அவர் மூஞ்சி அப்படியே மலரும். இது தெரிஞ்சா பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுட்டு மூலையில உக்காந்துடுவார். அதை என்னால தாங்க முடியாது.

ஸ்கேன்காரர்: என் வாயில இருந்து வராதும்மா.

மனைவி: வாய் மட்டுமில்ல... பெருசாக்கியும் காட்டிடாதீங்க. கோடு சாயறது ஒண்ணு போதும், கண்டுபிடிச்சிடுவார்...

ஓவியர்: என்ன, என்னை அனுப்பிட்டு ரகசியம்?

மனைவி: ரகசியமா? வெயிலைப் பத்திப் பேசிட்டு இருந்தோம்.

ஓவியர்: ஏசி ரூமுக்குள்ள வெயிலா? சரிதான்... தம்பி, கீழ இடது மூலை. அதைப் பெருசாக்குங்க.

ஸ்கேன்காரர்: சார்... கம்ப்யூட்டர் கொஞ்சம் ஸ்லோவா...

ஓவியர்: இவ்வளவு நேரம் குதிரை மாதிரி ஓடிச்சே! பெருசாக்குங்க.

மனைவி: பிரின்ட் வந்ததும் வீட்டுல பாத்துக்கலாங்க...

ஓவியர்: இன்னும்... இன்னும் பெருசா. ஸ்கிரீன் பூரா வரட்டும். ஆங்... அங்கேயே நிறுத்துங்க.

மனைவி: போதும், வாங்க... கண்ணு வலிக்கும்.

ஓவியர்: சும்மா இரு. நாணல் ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்குது... தண்ணிக்கு அடியில லேசா மஞ்சள் வேற. இதெல்லாம் எங்கடி கத்துக்கிட்ட?

மனைவி: என்ன... என்ன சொல்றீங்க?

ஸ்கேன்காரர்: சார்... பிரின்ட் எத்தனை காப்பி போடட்டும்?

ஓவியர்: பிரின்ட் யாருக்கு வேணும் தம்பி? ரெண்டு வருஷமா இவ வரையறதை விரலால தடவித்தான் பாத்துட்டு இருக்கேன், கண்ணால பாக்கக் குடுத்து வைக்கல... அதுக்குத்தானே இந்த மெஷினைத் தேடிக் கண்டுபிடிச்சு வந்தேன்.