கடகடக்காத அம்புக்கூடு

நோரீன்: நாலு நாளா எனக்குப் பின்னாடியேதானே நடந்து வர்றே கர்ட்? ஒரு தடவை... ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?

கர்ட்: என்னத்தைச் சொல்ல?

நோரீன்: என் முதுகுல அம்பெல்லாம் கடகடன்னு அடிச்சுக்குதுன்னு! நேத்து அந்தப் பெட்டை மான் இருபது கெஜத்துல நின்னுச்சு. நான் குனிஞ்சேன். ஒம்பது அம்பும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சு, தகர டப்பால கரண்டியைப் போட்டுக் குலுக்கின மாதிரி... அவ்வளவுதான், பறந்துடுச்சு.

கர்ட்: சொன்னா நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவே. அம்மா வயித்துலயே நீ அப்படித்தான்.

நோரீன்: நான் பொறக்கும்போது உனக்கு ஏழு வயசு. உள்ள எட்டிப் பார்த்தியா?

கர்ட்: காப்பியைக் குடி. ஆறுது.

நோரீன்: இன்னிக்குக் கடைசி நாள். பொழுது சாய்ஞ்சா வில் வேட்டை சீசன் முடிஞ்சுது. ஆறு வருஷமா இந்த மர வில்லைத் தூக்கிக்கிட்டு மலை ஏறுறேன். ஒரு எல்க் மான்கூட விழலை. ஊர்ல என்னை என்னன்னு கூப்பிடுறாங்க தெரியுமா?

கர்ட்: கிலுகிலுப்பை.

நோரீன்: ...உனக்கு யார் சொன்னது?

கர்ட்: தீவனக் கடையில... எல்லாரும்தான்.

நோரீன்: பார்த்தியா! ஊருக்கே கேக்குது. கூடப் பொறந்தவனுக்குக் கேக்கலை.

கர்ட்: வில்லுலயே மாட்டுற கூடு இருக்கு. ஒவ்வொரு அம்பும் தனித்தனி கிளிப்புல நிக்கும். அசையவே அசையாது. அதை வாங்குன்னா...

நோரீன்: இந்தத் தோல் அம்புக்கூட்டை நானே வெட்டி நானே தைச்சேன். மூணு ஊசி ஒடிஞ்சுது. போனா இதோடதான் போவேன். கத்தியைக் குடு.

கர்ட்: எதுக்கு? ...ஏய், டிரக்குக்குள்ள என்ன பண்றே? நோரீன்! அது என் சீட்டு மேல போட்டிருக்கிற ஆட்டுத்தோல்!

நோரீன்: நல்லா அடர்த்தியா இருக்கு ரோமம். வட்டமா வெட்டிக் கூட்டுக்குள்ள அடியில போட்டா, அம்பு முனையெல்லாம் அதுக்குள்ள புதைஞ்சு நிக்கும்...

கர்ட்: இடுப்பு வலிக்குதுன்னு வாங்கினது அது!

நோரீன்: ஒரு மூலைதான். நீ இந்தப் பக்கமா சாய்ஞ்சு உக்காந்து ஓட்டு. இன்னும் ஒரு நீளத் துண்டு வேணும்... இதை அம்புக்கு நடுநடுவுல வளைச்சு விட்டா தண்டோட தண்டு இடிக்காது. ஒம்பது எதுக்கு? அஞ்சு போதும்.

கர்ட்: ஒண்ணே அதிகம். நாலு நாளா ஒண்ணுகூட நீ விடலை.

நோரீன்: வாயை மூடிக்கிட்டு, அங்கே போய் முதுகைக் காட்டி நில்லு. நான் குதிக்கிறேன். கேட்டுச் சொல்லு... இப்போ?

கர்ட்: கேக்கலை.

நோரீன்: இப்போ?

கர்ட்: சுத்தமா இல்லை. பூனை நடக்கிற மாதிரி இருக்கு.

நோரீன்: ...ம்.

கர்ட்: என்ன ம்? சத்தம் போச்சுன்னா சந்தோஷப்படேன்.

நோரீன்: பட்டுட்டேன். வா, வெளிச்சம் வந்துடுச்சு.

* * *

கர்ட்: போதும் நோரீன். மணி ரெண்டு. கால் கழண்டு போச்சு. டிரக்குக்குப் போவோம்.

நோரீன்: மெதுவாப் பேசு.

கர்ட்: என்ன சொன்னே? என் பக்கம் திரும்பிச் சொல்லு.

நோரீன்: மெதுவாப் பேசுன்னேன். மான் ஓடிடும்.

கர்ட்: ஓடுறதுக்கு இங்கே என்ன இருக்கு? மூணு மலை ஏறி இறங்கியாச்சு. வெறும் சாணி.

நோரீன்: அந்தச் சாணி சூடா இருந்துச்சு. கர்ட்... இந்த வருஷம் நீ ஒரு தடவைகூடக் கூப்பிடலை. பெட்டை மான் மாதிரி குரல் கொடுக்க இந்தப் பள்ளத்தாக்குல உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. வாய்க்குள்ள வச்சு ஊதுற அந்த ரப்பர் எங்கே?

கர்ட்: பையில கிடக்கு.

நோரீன்: எடேன்.

கர்ட்: ஆண் மான், கொம்பன் ஒண்ணு கத்தினாத்தானே நான் பதில் கொடுக்கணும்? வெறும் மரத்துக்கு ஊதுறதா? எனக்கென்ன பைத்தியமா?

நோரீன்: கத்தினா ஊதுவியா?

கர்ட்: கத்தட்டும், பார்ப்போம்.

நோரீன்: ...ஷ்ஷ்.

கர்ட்: என்ன?

நோரீன்: கேட்டியா?

கர்ட்: ...... கேட்டேன்.

நோரீன்: எங்கேயிருந்து?

கர்ட்: மேல... அந்தப் பாறைப் பக்கம்.

நோரீன்: கீழே. ஓடைப் பக்கம்.

கர்ட்: அதான். பாறையில பட்டுத் திரும்பி வந்துச்சு. பெரிய ஆளு. கொம்புல பக்கத்துக்கு அஞ்சு கிளை இருக்கும்.

நோரீன்: கத்தலை வச்சே கிளையை எண்ணிட்டியா?

கர்ட்: பேசாதே. காத்து அங்கேயிருந்து நம்ம பக்கம்தான் அடிக்குது, நல்லது. அந்தச் சாய்ஞ்ச ஃபிர் மரத்துக்கிட்ட முழங்கால் போட்டு உக்காரு. நான் நாப்பது கெஜம் பின்னாடி போயிடறேன். என்னைத் தேடி வர்றவன் உன்னைத் தாண்டித்தான் வரணும்.

நோரீன்: நடுவுல நிறுத்தி நிறுத்தி ஊது.

கர்ட்: எனக்கே சொல்லித் தர்றியா? ...நோரீன்.

நோரீன்: ம்?

கர்ட்: அது மறுபடி கத்தினா கையைக் காட்டு. நான் தள்ளி இருப்பேன் இல்ல... அதுக்குத்தான்.

நோரீன்: காட்டுறேன். போ.

* * *

கர்ட்: என்னாச்சு? விட்டியா? ஏதோ பெருசா ஓடுச்சு, தரையே அதிர்ந்துச்சு!

நோரீன்: உக்காரு. பேசாதே.

கர்ட்: வில்லைக் கீழே வை முதல்ல. இந்தா, தண்ணி. பட்டுச்சா?

நோரீன்: ரெண்டு அம்பு விட்டேன்.

கர்ட்: ரெண்டா!

நோரீன்: ஓடையிலிருந்து வந்தான். சத்தமே இல்லை, கொம்புதான் முதல்ல தெரிஞ்சுது. மரக்கிளை நகருதுன்னு நினைச்சேன். இருபத்தஞ்சு கெஜத்துல பக்கவாட்டுல நின்னான். இழுத்து விட்டேன். நடுவுல ஒரு குச்சி... என் கண்ணுக்கே படலை. அம்பு அதுல பட்டு வானத்துக்குப் போச்சு.

கர்ட்: ஐயோ.

நோரீன்: நாலு எட்டு துள்ளினான். ஓடிடுவான்னு இருந்தேன். அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டே.

கர்ட்: நானா? எனக்கு அங்கேயிருந்து மான் தெரியவே இல்லையே...

நோரீன்: சின்னதா, கொஞ்சலா ஒரு குரல். அப்படியே நின்னுட்டான். பதினெட்டு கெஜம். தலை மரத்துக்குப் பின்னாடி. கண்ணு தெரியலை, காது மட்டும் இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு திரும்புது. வில்லு வெறுமையா இருக்கு. அம்பு முதுகுல.

கர்ட்: எடுத்தியா?

நோரீன்: கையைத் தோளுக்கு மேல கொண்டு போனேன். விரல்ல இறகு தட்டுச்சு. நேத்து இந்த இடத்துலதான் எல்லாம் கடகடன்னு... மூச்சை விடலை நான். இழுத்தேன். கர்ட், வெண்ணெயிலிருந்து கத்தியை உருவுற மாதிரி வந்துச்சு! மத்ததெல்லாம் ரோமத்துக்குள்ள தூங்குது. காது என் பக்கம் திரும்பவே இல்லை!

கர்ட்: என் சீட்டு!

நோரீன்: உன் சீட்டுதான். ஒரு அடி எடுத்து வச்சான். தோள் வெளியே வந்துச்சு. விட்டேன். இறகு வரைக்கும் உள்ளே போனதைப் பார்த்தேன். இல்ல... பார்த்த மாதிரிதான் இருக்கு. இப்போ சந்தேகமா இருக்கு.

கர்ட்: அரை மணி நேரம். அசையக் கூடாது. அதுக்குள்ள போனா விரட்டின மாதிரி ஆயிடும்.

நோரீன்: அரை மணியா? செத்துடுவேன்.

கர்ட்: பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காரு. நான் மட்டும் என்ன, சும்மாவா இருக்கேன்?

* * *

நோரீன்: இங்கே பாரு, இலையில... ரத்தம். நுரை கட்டியிருக்கு.

கர்ட்: நுரைன்னா நுரையீரல். தூரம் போகாது. நீ முன்னாடி நட. இது உன்னோடது.

நோரீன்: அந்தச் செடிக்கு அந்தப் பக்கம் ஏதோ மஞ்சளா... கர்ட்.

கர்ட்: எங்கே?

நோரீன்: கர்ட்!

கர்ட்: அடியம்மா! ஆறு கிளை! பக்கத்துக்கு ஆறுடி! அறுபது கெஜம்கூடப் போகலை!

நோரீன்: ...எவ்வளவு பெருசு இது. தொட்டுப் பார்க்கவே பயமா இருக்கு.

கர்ட்: தொடு. நீ தொட்டா ஒண்ணும் சொல்லாது.

நோரீன்: நன்றிப்பா... நல்லபடியா போயிட்டே. கர்ட், நான் அழுதேன்னு தீவனக் கடையில சொன்னே...

கர்ட்: மூச்சு விட மாட்டேன். ஆனா மத்ததையெல்லாம் சொல்லுவேன். எந்தக் கிலுகிலுப்பைடா உங்க வீட்டுல ஆறு கிளை அடிச்சுதுன்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் போய்க் கேப்பேன்! குளிர்காலம் முழுக்க நம்ம ரெண்டு வீட்டுக்கும் கறி!

நோரீன்: முதல்ல இதைத் துண்டு போட்டு டிரக்குக்குச் சுமக்கணும். நாலு நடை ஆகும்.

கர்ட்: பத்து நடை நடப்பேன் இன்னிக்கு. ...நோரீன்.

நோரீன்: ம்?

கர்ட்: ஒண்ணு சொல்லிடறேன். நல்ல நாள்ல பொய் வேண்டாம். இது கத்தினது... எனக்குக் கேக்கலை. மெல்லிசா, கீச்சுன்னு இருக்கிற எதுவுமே கேக்கிறதில்லை. ரெண்டு வருஷமாச்சு. மர மில்லுல முப்பத்திரண்டு வருஷம் ரம்பத்துக்குப் பக்கத்துல நின்னேன் இல்ல... நீ பேசுறது கேக்குது, இடி கேக்குது. குருவி, கொம்பன், உன் அம்பு... ஒண்ணும் கிடையாது. நான் ஊதுறதே எனக்குக் கேக்கலை. பல்லுல அதிர்றதை வச்சு ஊதினேன். அதனாலதான் ரப்பரைப் பையை விட்டு எடுக்கலை.

நோரீன்: தெரியும்.

கர்ட்: எப்படி?

நோரீன்: காலையில நீ "பூனை நடக்கிற மாதிரி"ன்னு சொன்னப்போ, நான் ரெண்டு அம்பை வெளியே எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டிக்கிட்டு நின்னேன்.

கர்ட்: அடிப்பாவி... தெரிஞ்சுமா ஊதச் சொன்னே? நான் தப்பா ஊதியிருந்தா?

நோரீன்: ஊதலையே.

கர்ட்: என் சாமர்த்தியம் என்ன இருக்கு இதுல? அவன் கத்தினான், நீ மூணு தடவை கையைக் காட்டினே, நான் கண்ணை வச்சுக்கிட்டு ஊதினேன். எப்படியும் வர்றவன் வந்தான்.

நோரீன்: அவன் கத்தவே இல்லை கர்ட். காலையிலிருந்து இந்தக் காட்டுல ஒரு கொம்பன்கூட வாயைத் திறக்கலை. நான்தான் பொய் சொன்னேன், முதல்லயும், கையைக் காட்டின மூணு தடவையும். பேசாம எங்கேயோ படுத்துக் கிடந்தவனை எழுப்பிக் கூட்டிட்டு வந்தது உன் குரல்தான்.