நாக்கின் இடப்பக்கம்

கொழும்பு வெள்ளவத்தையில் வாகனம் நிறுத்த இடம் கிடைக்காது. அதனால் என்னிடம் பல்லுக்கு வருபவர்கள் பெரும்பாலும் நடந்துவரக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள்தான். உஷாந்தி இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தார். நாற்பத்து மூன்று வயது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். பதினொரு வருடமாக என் நோயாளி.

பெப்ரவரியில் பல் அடைக்க வந்தார். நாக்கின் இடப்பக்கத்தில் ஒரு வெள்ளைப் படை தெரிந்தது. 'மூன்று வாரத்தில் திரும்பப் பார்க்க' என்று அவருடைய சிகிச்சை அட்டையில் எழுதினேன். அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். அன்று கூட்டம். இது யாருக்கும் நடக்கக்கூடியது.

மார்ச்சில் என் தொழில் காப்புறுதியைப் புதுப்பித்தேன். முன்பு ஒருவருக்கு ஞானப்பல் பிடுங்கியதில் உதடு மரத்துப்போய், கம்பனி நட்டஈடு கொடுத்திருந்தது. இன்னொரு முறைப்பாடு வந்தால் காப்பு கிடையாது என்று எழுதியிருந்தார்கள். காப்பு இல்லாவிட்டால் கிளினிக்கை மூட வேண்டியதுதான். படிவத்தில் ஒரு கேள்வி: பின்னால் வழக்காகக்கூடிய ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? இல்லை என்று எழுதினேன். அந்த நேரம் எனக்கு உண்மையிலேயே எதுவும் நினைவில் இல்லை.

மே மாதம் உஷாந்தி தானாகவே வந்தார்.

"டொக்டர், நாக்கில ஒரு புண். சாப்பிடேக்க எரியுது. ஆறவே இல்லை."

அழுத்திப் பார்த்தேன். விளிம்பு கெட்டியாக இருந்தது. முப்பது வருடத் தொழில். அது என்னவென்று விரலுக்குத் தெரியும். அட்டையைத் திருப்பினேன். பெப்ரவரி வரி என் கையெழுத்திலேயே இருந்தது. பெப்ரவரியில் சொல்லியிருந்தால் அது வெறும் நோய். இப்போது சொன்னால் என் பிழை, படிவமும் பொய்.

"கூரான பல்லு உரசுது. தேய்ச்சு விடுறன்" என்றேன். பூசுவதற்கு ஒரு ஜெல் கொடுத்தேன்.

அவர் போனபின் என் உதவியாளர் றலியா கேட்டார். "டொக்டர், கேன்சர் ஆஸ்பத்திரிக்கி ஒருக்கா அனுப்பினா நல்லந்தானே?"

"தேவையில்லை" என்றேன்.

ஜூனில் உஷாந்தி, "வேற ஆருக்கும் காட்டட்டோ?" என்றார்.

"காட்டலாம். ஆனா அவை உடன வெட்டிப் பார்க்கோணும் எண்டுவினம். நாக்கில வெட்டினா கதைக்கிறது கஷ்டம். உங்கட வேலைக்குச் சரிவராது."

அவர் என்னிடமே வந்துகொண்டிருந்தார். மொத்தம் ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் இன்று சொல்லலாம் என்றுதான் கதவைத் திறந்தேன். ஆனால் ஒவ்வொரு வருகையும் முன்னைய வருகைக்கு எதிரான சாட்சியாகிக்கொண்டிருந்தது. திரும்பி வர வழியே இருக்கவில்லை.

ஆகஸ்டில் கழுத்தில் கட்டி தெரிந்தது. இனி மறைக்க முடியாது. அன்று மத்தியானம் றலியாவைச் சாப்பிட அனுப்பிவிட்டு, புதிய அட்டை எழுதினேன். பெப்ரவரி வரி அதில் இல்லை. புண்ணுக்கு வந்த நாட்களெல்லாம் பல் துப்புரவாக்கிய நாட்களாயின. 'இன்று முதன்முறையாகக் காணப்பட்டது' என்று கடிதம் கொடுத்து உஷாந்தியைக் கேன்சர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பழைய அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். றலியா எடுத்து ஒட்டியிருக்கிறார். அதுதான் இப்போது மருத்துவச் சபை விசாரணைக்காக உங்கள் மேசையில் இருப்பது.

காப்புறுதிக் கம்பனி வக்கீல் எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்றார். ஒத்துக்கொண்டால் காப்பு போய்விடுமாம். படிவம் பொய் என்று அந்த அட்டையே காட்டிவிடும்; எப்படியும் அது போய்விடும். ஆகவே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்கு என்ன நோய் என்று மே மாதமே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் மூன்று மாதம் ஜெல் கொடுத்தேன்.

ஆனால் இன்னொன்றையும் நீங்கள் பதிய வேண்டும். சத்திரசிகிச்சை முடிந்து, நவம்பரில் அவர் என்னைப் பார்க்க வந்தார். நாக்கை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். கதைக்க முடியாததால் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: 'நீங்கள் கண்டுபிடித்தபடியால்தான் உயிரோடு இருக்கிறேன். நன்றி டொக்டர்.' நான் அவரைத் திருத்தவில்லை. அந்த நிலையில் ஒருவரைக் குழப்பக்கூடாது. அடியில் கையெழுத்தும் திகதியும் போடும்படி மட்டும் கேட்டேன். போட்டுத் தந்தார்.