மூணாம் நாளு

இல்லிங்க பாஸ்டர்காரு, நான் கோவத்துல கேக்கல. கோவப்படறதுக்கும் தெம்பு வேணுமில்ல? அந்தச் சேரு வேணாம், காலு ஆடுது, இப்பிடி வந்து உக்காருங்க. உள்ள ஜெபம் பண்ணிட்டு வெளிய வந்து சொன்னீங்களே, தன்னோட ஒரே மகனையே குடுத்தவரு தேவன், உங்க வலி அவருக்குத் தெரியும் கன்னையான்னு. அத்தத்தான் கேக்கறேன். எனக்கும் ரமணா ஒரே புள்ள. கேக்கறதுக்கு எனக்கு பாத்தியத கீதா இல்லியா?

தமிழ்லயே பேசலாமே. சித்தூருக்காரரு, நல்லாத்தான் வருது உங்களுக்கு. எனக்குத் தெலுங்கு தெரியாமலா, புத்தூரு சந்தையில ஆட்டுக்கு வெல பேசறதே தெலுங்குலதான். ஆனா இந்த டாக்டருங்க சொல்றத தெலுங்குல கேக்கறப்போ வேற எவன் புள்ளையப் பத்தியோ சொல்றாப்பல கீது. அப்பால தனியா உக்காந்து தமிழ்ல ஒருவாட்டி நெனச்சிப் பாக்கறேன். அப்பத்தான் வயித்துல எறங்குது.

வெள்ளிக்கெழம ரமணா பலமனேர்ல வண்டியில தக்காளி ஏத்திக்கினு திருப்பதிக்கு வந்துக்கினு இருந்தான். புத்தலப்பட்டு தாண்டி எவனோ ஒருத்தன் காரு பஞ்சராகி நிக்கறான். ஸ்டெப்னி மாத்தத் தெரியல அவனுக்கு. இவனுக்கு இன்னா வந்துச்சி? வண்டிய நிறுத்தி எறங்கி, ஜாக்கி வெச்சி மாத்திக் குடுத்துக்கினு இருந்திருக்கான். பின்னால வந்த லாரி இவன ஒண்டி தூக்கிப் போட்டுட்டு நிக்காம பூட்டுது. காரு வெச்சிக்கினு இருந்தவனுக்கு ஒரு கீறலு இல்ல. அவன்தான் ஆம்புலன்சுல கூட வந்தான், பாவம், நேத்து வரைக்கும் இங்கதான் அழுதுக்கினு நின்னான். நான்தான் வீட்டுக்குப் போப்பான்னு அனுப்பிவெச்சேன்.

மூள செத்துப்போச்சின்றாங்க. மிஷினுதான் நெஞ்ச ஏத்தி எறக்குது. ஈரலு, கிட்னி, கண்ணு எல்லாம் இன்னும் நல்லா கீதாம். குடுத்தா நாலஞ்சி குடும்பம் பொழைக்கும், சாயங்காலம் வரைக்கும்தான் ஒடம்பு தாங்கும், நானும் மருமக சுமித்ராவும் ரெண்டு பேருமே சரின்னு சொல்லணும்னு டாக்டரு சொல்லிட்டுப் போனாரு. உங்களுக்குத் தெரிஞ்சதுதான். உங்க சபைக்கு வர பொண்ணு, அதான் ஆராதன முடிஞ்ச கையோட ஓடியாந்துக்கீறீங்க.

சரி, கேக்கறேன். உங்க தேவன் மகனைக் குடுத்தாரு. யாருக்குக் குடுத்தாரு?

எங்களுக்காகன்றீங்க. அது சரி, எங்களுக்காக. ஆனா யாரு கையில? நாங்க கங்கம்மாவுக்குக் கெடா வெட்டறோம். அம்மா கோவமா கீறா, ஊருல நோவு, மழ இல்ல, இந்தா தாயி வாங்கிக்கோன்னு வெட்டறோம். குடுக்கறவன் ஒருத்தன், வாங்கறவ ஒருத்தி. உங்களாண்ட கோவமும் அவருக்குத்தான், குடுத்ததும் அவருதான், வாங்கிக்கினதும் அவருதான். நடுவுல சாவறது ஒண்டி புள்ள. அந்தக் கோவத்த அப்பிடியே வுட்டுத் தொலைச்சிருக்கலாமேன்னு எனக்குத் தோணுது. நான் ரமணா மேல எத்தினி கோவத்த வுட்டுக்கீறேன் தெரியுமா? உங்க சபைப் பொண்ணக் கட்டிக்கினு வாசல்ல வந்து நின்னானே, அன்னிக்கிக் கூட.

சிரிங்க, பரவால்ல. நல்ல பொண்ணுதான். ஜாத்திரைக்குக் கெடா வெட்டினா அந்தக் கறிய வாயில வெக்க மாட்டா. ஆனா மசாலா அரைச்சி எடுத்து வெச்சிட்டுத்தான் ரூமுக்குள்ள போவா.

ஆமா, அப்பனும் புள்ளையும் ஒண்ணுன்னு அவளும் சொல்லுவா. அப்பிடின்னா தன்னையே குடுத்துக்கினாருன்னு ஆவுது. அது ஒண்ணியும் கஷ்டமில்லிங்க. என்ன எடுத்துக்கோ, அவன வுட்டுடுன்னு இந்த ஆஸ்பத்திரியில நானும் எல்லா சாமியாண்டயும் சொல்லிட்டேன், உங்க சாமியாண்டயும்தான். யாரும் எடுத்துக்கல. தன்னைக் குடுக்கறது சுளுவு பாஸ்டர்காரு. பெத்ததக் குடுக்கறதுக்குத்தான் கை வரமாட்டேங்குது.

இன்னொண்ணு. எங்க ஊருல கெடாவக் கேக்காம வெட்ட மாட்டோம். மஞ்சத்தண்ணி தலையில ஊத்துவோம், பொடனியில ஊத்துவோம். அது ஒடம்ப ஒரு சிலுப்பு சிலுப்பணும். சிலுப்பினாத்தான் உத்தரவு. ஒரு வருசம் நான் வளத்த கெடா சிலுப்பவே இல்ல. கொடத்தோட ஊத்திப் பாத்தாங்க, காதுல வுட்டுப் பாத்தாங்க, கல்லாட்டம் நின்னுச்சி. அம்மாவுக்கு இது வேணாம்டான்னு அவுத்து வுட்டுட்டோம். அப்பால அது ஊரு அவரச்செடிய பூரா துன்னுக்கினு திரிஞ்சிச்சி, ஒருத்தன் கை ஓங்க முடியல.

உங்க ஏசு கத சுமித்ரா சொல்லிக் கேட்டுக்கீறேன். புடிச்சிக்கினு போறதுக்கு முன்ன ஒரு தோட்டத்துல குப்புற வுழுந்து, இது எனக்கு வேணாம்பா, எடுத்துடுன்னு திரும்பத் திரும்பக் கேட்டாராமே. வேர்வ ரத்தமாட்டம் சொட்டிச்சாமே. கெடான்னு சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, நீங்களே ஆட்டுக்குட்டின்னுதானே பாடறீங்க. தண்ணி ஊத்தியும் சிலுப்பாம நடுங்கிக்கினு நிக்கும் பாருங்க, அந்த மாதிரிதான் அவரு நின்னிருக்காரு. கடைசியில, சரி, உன் இஷ்டம்னு சிலுப்பிட்டாரு. அத்தக் கேட்டப்போ எனக்கு அந்தப் பையன் மேல பாவமாப் போச்சி. அப்பங்காரரு மேலதான் மனசு ஆறல.

ஒரே ஒரு எடம் எனக்குப் புரியுது. அவரு உயிரு போறப்போ பட்டப்பகல்ல இருட்டிக்கிச்சாமே. எங்களுலயும் வளத்தவன் வெட்டறப்போ நிக்க மாட்டான். கயித்தக் குடுத்துட்டு கோயிலு பின்னால போயி, வேற பக்கம் பாத்துக்கினு பீடி குடிப்பான். உங்க அப்பங்காரரும் மூஞ்சத் திருப்பிக்கினாரு, அதான் இருட்டுன்னு நான் நெனக்கறேன். அந்த எடத்துல ஒண்டி அவரு எனக்குத் தெரிஞ்ச ஆளாட்டம் கீறாரு.

ஆனா அவருக்கு மூணாம் நாளு புள்ள திரும்பி வந்துட்டான். வெள்ளிக்கெழம குடுத்தாரு, ஞாயித்துக்கெழம வாங்கிக்கினாரு. வலி நெசம்தாங்க, நான் இல்லேன்னு சொல்லல. ஆணி அடிச்சா யாருக்கும் ஆணிதான். ஆனா திரும்பி வரும்னு தெரிஞ்சிக்கினு குடுக்கறத எங்க ஊருல எரவல்னுதான் சொல்லுவாங்க. அத்தயும் இத்தயும் ஒண்ணுன்னு சொல்லாதீங்க. எனக்கு அசதியா கீது.

உங்க மனசு நோவறதுக்காக இத்தப் பேசல. இன்னிக்கி ஞாயித்துக்கெழம, அதுக்காகத்தான் பேசறேன்.

உங்களுக்குத் தெரியாதா? நேத்து சுமித்ராவுக்கு போன்ல ஜெபம் பண்ணப்போ, மூணாம் நாளு எழுந்தவரு உன் புருசனையும் எழுப்புவாரும்மான்னு சொன்னீங்களாம். ஆறுதலுக்குத்தான் சொல்லியிருப்பீங்க, அது எனக்குப் புரியாதா? அவ அத்த அப்பிடியே புடிச்சிக்கினா. வெள்ளிக்கெழம வுழுந்தான், ஞாயித்துக்கெழம எழுந்துடுவான் மாமான்றா. டாக்டரு வந்து கேட்டா, இன்னிக்கிப் பொழுது போவட்டும்ன்றா. சோறு துன்னல, தண்ணி குடிக்கல. அவன் எழுந்தா போட்டுக்கறதுக்குன்னு வீட்டுல இருந்து சட்ட எடுத்தாரச் சொன்னா. இதோ, இந்தப் பையில கீது. நான் இஸ்திரி போட்டு எடுத்தாந்தேன். இன்னா பண்ண?

நீங்க தல குனியாதீங்க. கேளுங்க. மூள செத்தது நெசந்தானான்னு காலைல டாக்டரு கடைசி தபா டெஸ்ட்டு பண்ணாரு. நான் கூட நிக்கறேன்னேன், சரின்னாரு. காதுல ஜில்லுத்தண்ணி ஊத்தறாங்க பாஸ்டர்காரு. ஊத்திட்டு, கண்ணு அசையுதான்னு சுத்தி நின்னு பாக்கறாங்க. என்ன அறியாமயே வாயில வந்துடுச்சி, சிலுப்புடா நைனா, சிலுப்புடான்னு. நர்சுங்க எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க. அவன் அசையல. எங்க ஊருல சிலுப்பலன்னா அவுத்து வுட்டுடுவோம். இங்க சிலுப்பலன்னாத்தான் அறுக்கலாமாம்.

நான் சரின்னு சொல்லிட்டேங்க. ஆமா, காலைலயே சொல்லிட்டேன். வழக்கத்துக்கு விரோதம்தான், எனக்குத் தெரியாதா? ஆனா அவன எவனாச்சும் கேட்டிருந்தா மொத சொட்டுக்கே சிலுப்பியிருப்பான். கேக்காமயே எறங்கி முன்ன பின்ன தெரியாதவனுக்கு டயரு மாத்தினவன். இல்லேன்னு சொல்ல அவனுக்கு யாரும் கத்துக்குடுக்கல, நானும் கத்துக்குடுக்கல. அவனுக்குப் பதிலா நான் தலைய ஆட்டினேன், அவ்ளோதான்.

இப்ப அவ சொல்லணும். அவளாண்ட நான் போயி நின்னா, மாமனுக்கு வேற சாமி, அதான் நம்பிக்க இல்லாம புள்ளைய அறுக்கக் குடுக்கறான்னு நெனப்பா. நீங்க குடுத்த வார்த்த அது. நீங்கதான் திருப்பி வாங்கிக்கணும். மூணாம் நாளு அவரு ஒருத்தருக்குத்தாம்மா, நமக்கு இல்லன்னு சொல்லுங்க. கடைசியில ஒரு நாளு எல்லாரையும் எழுப்புவாருன்னு வேணும்னா சொல்லிக்கோங்க, அதுக்கு நான் குறுக்க வரல. இன்னிக்கி இல்லன்னு ஒண்டி சொல்லிடுங்க. இங்க நான் எல்லாராண்டயும் கெஞ்சிட்டேன். உங்களாண்டயும் கெஞ்சறேன்னே வெச்சிக்கோங்க.

லிப்ட்டாண்ட தரையில உக்காந்துக்கினு கீறா, போங்க. சட்டப்பை என்னாண்டயே இருக்கட்டும், அனுப்பிவெக்கறப்போ போட்டு அனுப்பறேன்.

அப்பறம், அவளக் கூட்டிக்கினு உள்ள போனீங்கன்னா, அவன் பொடனியில, காதுக்குப் பின்னால, மஞ்சளா இருக்கும். மருந்துன்னு நெனச்சிக்கினு கீறா, நீங்களும் ஒண்ணியும் கேக்காதீங்க. கங்கம்மா கோயிலு மஞ்ச எப்பவும் என் சட்டப் பையில இருக்கும். டாக்டருங்க அந்தாண்ட போனதும் பாட்டிலு மூடியில கலக்கி நானும் ஒரு தபா ஊத்தினேன். தாத்தா, வெளிய போங்கன்னு நர்சு வந்து தோளத் தொடற வரைக்கும் பாத்துக்கினே நின்னேன்.