பார்க்காத வரைக்கும்

மாணவி: ...இன்னொரு தடவை கேள்வி கேளுங்க மேடம். வாயெல்லாம் உலர்ந்துபோச்சு.

மேடம்: இன்னும் எத்தனை தடவைடி! முதல்ல தண்ணியைக் குடி. மத்த நர்சிங் காலேஜ் பிள்ளைங்க எல்லாம் அவங்கவங்க ஆராய்ச்சி போஸ்டர் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டிருக்கு. நீ என்னடான்னா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற.

மாணவி: கையைத் தொட்டுப் பாருங்க மேடம்.

மேடம்: காட்டு... ஐயையோ, ஐஸ் மாதிரி இருக்கே! நடுவர் என்ன, கடிச்சா தின்னுடுவாரு? சரி, இப்ப நான்தான் நடுவர். சொல்லும்மா, என்ன ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்க?

மாணவி: மார்புல கட்டி இருக்கான்னு பொம்பளைங்க தாங்களே தொட்டுப் பார்க்க ஊருக்கெல்லாம் கத்துக்கொடுக்கிறது நர்சுங்க. அவங்களுக்கே கட்டி வந்தா உடனே டாக்டர்கிட்ட போறாங்களான்னு கேட்டோம் சார்.

மேடம்: சாரா? நான் பொம்பளை நடுவர்டி.

மாணவி: சிரிக்க வைக்காதீங்க மேடம்...

மேடம்: சரி, போறாங்களா?

மாணவி: நிறைய பேர் போறதில்ல. தள்ளிப்போடுறாங்க.

மேடம்: ஏன்?

மாணவி: ...மறந்துட்டேன்.

மேடம்: அடிப்பாவி! அதானே நம்ம போஸ்டரே!

மாணவி: நீங்க சொல்லிக் காட்டுங்க. நான் நடுவர், நீங்க மாணவி. ஏன்மா தள்ளிப்போடுறாங்க?

மேடம்: டூட்டி, லீவு கிடைக்கல, வீட்டு வேலை...

மாணவி: அதெல்லாம் போஸ்டர் படத்துல சின்னக் கட்டம். பெரிய கட்டம் எது?

மேடம்: பயம்.

மாணவி: எல்லாம் தெரிஞ்சவங்களுக்கு என்ன பயம்?

மேடம்: தெரிஞ்சதாலதான். தெரியாதவளுக்கு அது வெறும் கட்டி. தெரிஞ்சவளுக்கு ஊசி குத்தி எடுக்கிறது, ரிப்போர்ட்டுக்குக் காத்துக் கிடக்கிறது, முடி கொட்டுறதுன்னு எல்லாம் வரிசையா வந்து கண்ணு முன்னாடி நிக்கும். பார்க்காத வரைக்கும் ஒண்ணுமில்ல. காலையில எந்திரிச்சு, டிபன் கட்டி, பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பி... குளிக்கிறப்ப மட்டும் அந்தப் பக்கம் கை போகாம பார்த்துக்கிட்டா போதும்... என்ன அப்படிப் பார்க்குற? ஒரு நர்சம்மா சொன்னாங்க.

மாணவி: எல்லார்கிட்டயும் நான்தானே மேடம் பேசினேன். அப்படி யாரும்...

மேடம்: என்கிட்ட சொன்னாங்க. தனியா.

மாணவி: அவங்களுக்கு எந்தப் பக்கம்?

மேடம்: இது என்னடி கேள்வி? எந்த நடுவர் இதைக் கேட்பாரு?

மாணவி: இடது பக்கமா?

மேடம்: மெதுவா பேசு. பக்கத்து போஸ்டர்காரங்க திரும்பிப் பார்க்குறாங்க.

மாணவி: ஒத்திகை ஆரம்பிச்ச நாள்லேர்ந்தே, கட்டின்னு நான் சொல்றப்பல்லாம் உங்க கை இடது அக்குள்கிட்ட போகுது. அப்புறம் சூடு பட்ட மாதிரி படக்குன்னு கீழ வந்துடுது.

மேடம்: உளறாத.

மாணவி: இப்பக்கூட... வீட்டுல சாருக்குத் தெரியுமா?

மேடம்: யாருக்கும் தெரியாது. நீயும் வாயைத் திறக்காத... எங்கக்கா இப்படித்தான், நல்லா நடந்து ஆஸ்பத்திரிக்குள்ள போனா. ஒண்ணும் இருக்காது, வாக்கான்னு நான்தான் இழுத்துட்டுப் போனேன். அதுக்கப்புறம் அவ நிமிர்ந்து நடந்து நான் பார்க்கவே இல்ல.

மாணவி: அதுக்கு முன்னாடி அவங்க எவ்வளவு காலம் மறைச்சு வச்சிருந்தாங்க?

மேடம்: ரொம்ப காலம்... விடுடி. மூஞ்சியைத் துடை, நேரா நில்லு. அதோ, நரைச்ச முடியும் கண்ணாடியுமா ஒரு அம்மா நம்மளைத்தான் பார்த்துட்டு வராங்க. நடுவர்தான் போல. வணக்கம் டாக்டர்னு ஆரம்பி... ஏய், இப்ப எதுக்கு அழற? நடுவரைப் பார்த்து இவ்வளவு பயமா?

மாணவி: நடுவரைப் பார்த்தெல்லாம் எனக்குப் பயமில்ல மேடம், காலையிலேர்ந்தே இல்ல. அவங்க நடுவரும் இல்ல. இந்த மாநாட்டுல பேச வந்திருக்கிற, மார்புக் கட்டி பார்க்குற டாக்டர். வந்ததுமே நான்தான் போய்க் கூப்பிட்டேன். உங்க பேரைச் சொல்லல... எங்கம்மாவுக்குக் கட்டி இருக்கு, காட்டப் பயப்படுறாங்கன்னு சொன்னேன். கிட்ட வந்துட்டாங்க. எங்கயும் போயிடாதீங்க மேடம்.