போட்டை விக்கப்போறேன்

பட்டினப்பாக்கத்தில் காலி மீன் கூடைகளோடு பேருந்தில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

“ஹார்ட்டு ஒரே சீரா அடிச்சா நல்லதில்லையாம்க்கா,” என்றாள் இளையவள். “துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி கொஞ்சம் மாறணுமாம். மண்டையில அடிபட்டதுலேர்ந்து எங்கூட்டுக்காரருக்கு அவ்ளோவா மாறல. கண்ணு தொறந்துதான் கீது, பேச்சு இல்ல. ஆஸ்பத்திரியில நெஞ்சுல பட்டை கட்டி தெனம் பாக்குறாங்க.”

“நீ பேசிப் பாத்தியா?” என்று மூத்தவள் கேட்டாள்.

“ஆசையாப் பேசினேன், கம்ப்யூட்டர்ல கோடு அப்படியே போச்சு. அவரு மீன் புடிக்கிற போட்டை விக்கப்போறேன்னு சொன்னேன், உடனே மாறிச்சு. காதுல விழுதும்மான்னாரு டாக்டரு.”

“மெய்யாலுமே விக்கப்போறியா?”

“இன்னாத்துக்கு? அந்த ஆளு வாயத் தொறந்து வேணாம்னு சொல்ற வரைக்கும் தெனம் போய் சொல்லிக்கினே இருப்பேன்.”