கண்ணின் வெள்ளை

நிறம் பார்த்து வேலை செய்கிறவனின் அறைச் சுவர் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். நீலச் சுவருக்கு நடுவே உட்கார்ந்தால் எல்லா முகமும் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும். பச்சைச் சுவர் என்றால் சிவந்து தெரியும். உங்கள் ஸ்டேஷன் அறைச் சுவர் இளம்பச்சை. அதனால்தான் நீங்கள் நீட்டிய புகைப்படத்தைப் பார்த்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றேன். ஒத்துழைக்கக் கூடாது என்று இல்லை.

இதை எந்தச் சட்டப் பிரிவில் எழுதுவது என்று நீங்கள் எதிர்மேசைக்காரரிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது. நடந்ததை நான் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பிரிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டிவி தொடர்களுக்குக் கலர் சரிசெய்வது என் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன். கேமராவில் எடுத்தது சாயம் போன துணி மாதிரிதான் என்னிடம் வரும். காலையில் எடுத்த பாதியையும் சாயங்காலம் எடுத்த பாதியையும் ஒரே வேளையாகக் காட்ட வேண்டும். ஒழுங்காகச் செய்திருந்தால், செய்திருப்பதே யாருக்கும் தெரியாது.

தெரியவும் இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு காட்சியை முடித்து வைத்தால் இயக்குநர் வந்து பார்த்துவிட்டு, "என்னங்க பண்ணீங்க? எடுத்த மாதிரியேதானே இருக்கு" என்பார். முடிவில் என் பெயர் ஓடும்; அதற்குள் விளம்பரம் வந்துவிடும். வீட்டில் மனைவி தொடரைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கேமராமேன் கையில என்னமோ இருக்குங்க" என்றாள் ஒருநாள். அது நான் செய்தது என்றேன். "ஆமா, சமைச்சது அவரு, தட்டத் தொடச்சு வச்சது நீங்க" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் கோபப்படுகிற ஆள் இல்லை.

எனக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. மானிட்டரைப் போடும் முன் ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கடவுளை நினைப்பேன். பரு, கருவளையம், அழுது வீங்கிய இமை, எதுவானாலும் யாரும் கேட்காமலே சரிசெய்து அனுப்புவேன். பிறத்தியாருக்கு நம்மால் முடிந்த சின்ன உதவி என்றுதான் நினைத்தேன்.

இறந்துபோன அந்த அம்மாவை நாங்கள் டீச்சரம்மா என்றே கூப்பிடுவோம். தொடரில் ஓய்வுபெற்ற ஆசிரியை வேடம். கதையே அவரைச் சுற்றித்தான். வாரம் ஐந்து நாள் ஒளிபரப்பு. தனியாக ஒரு வாடகை அறையில் இருந்தார். ஒரே தங்கை, வெளியூரில் நர்ஸ்.

என் அறையில் ஸ்கோப் என்று ஒரு சின்னத் திரை இருக்கிறது. அதில் ஒரு சாய்ந்த கோடு. மனிதர் கறுப்போ சிவப்போ, முகத்தின் தோல் அந்தக் கோட்டையொட்டித்தான் விழும். உள்ளே ஓடும் ரத்தம் எல்லாருக்கும் ஒன்றுதானே. கோட்டைவிட்டு விலகினால் விளக்கில் தவறு இருக்கும். விளக்கில் தவறு இல்லையென்றால் உடம்பில் இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை டீச்சரம்மாவின் முகம் கோட்டைவிட்டு மஞ்சள் பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் நின்ற மருமகள் வேடக்காரியின் முகம் கோட்டிலேயே இருந்தது. படத்தைப் பெரிதாக்கி டீச்சரம்மாவின் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக இல்லை.

படப்பிடிப்பில் அத்தனை பேர் இருந்தும் ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று கேட்டீர்கள். குடும்பப் பாசம் தெரிய வேண்டும் என்று இயக்குநர் அந்த வீட்டு செட் முழுக்க மஞ்சள் விளக்கு போட்டிருந்தார். முகத்தில் மேக்கப், கண்ணில் டீச்சர் கண்ணாடி. மெல்ல ஏறுவதைத் தினம் பார்க்கிறவர்கள் கவனிப்பதில்லை. போன மாதத்து முகத்தையும் இன்றைய முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஆள் நான் ஒருவன்தான்.

சொல்லாமல் இல்லை. அன்றைக்கே போய்ச் சொன்னேன். "சார், டீச்சரம்மா முகத்துல கொஞ்சம் மஞ்சள் தட்டுது."

இயக்குநர் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "கலர் உங்க டிபார்ட்மென்ட். அதையும் நானே பாக்கணும்னா நீங்க எதுக்கு?"

உடம்பு என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. கலர் என்றுதான் அவருக்குக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், எதற்கு நான் என்று கேட்டுவிட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தேன். தோலைக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். கண் இரண்டையும் தனியாகப் பிரித்து, மஞ்சளை எடுத்து, அவர் தலை திருப்பும்போதெல்லாம் கூடவே நகரும்படி செய்தேன். இமைக்கும்போது அந்த வெள்ளை இமைமேல் வழியக் கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் அது எவ்வளவு கஷ்டம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். நாற்பது நொடிக் காட்சிக்கு மூன்று மணி நேரம் ஆனது. அன்று ஒளிபரப்பானதும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மஞ்சள் கூடியது. நானும் கூட்டினேன். பிறகு உள்ளங்கை, பிறகு நகக்கண். அழும் காட்சிகளில் உதட்டின் உட்புறம். மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த வாரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். என் கை படாமல் அந்தத் தொடர் ஒருநாள்கூட ஓடியிருக்காது. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு நிலை வந்ததே இல்லை. வாயைத் திறந்திருந்தால் மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வேறு கதை எடுத்திருப்பார்கள். நான் மறுபடியும் தட்டைத் துடைத்திருப்பேன்.

ஐந்தாவது வாரம் அவரே என் அறைக்கு வந்தார். மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. படிக்கட்டு ஜன்னல் வெளிச்சத்தில் அந்த முகத்தை நேரிலும் பார்த்தேன். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

"சாப்பிடுங்க தம்பி. நாள் பூரா இருட்டுல உக்காந்திருக்கீங்களாம். உங்களப் பாக்க யாருமே வரதில்லையா?"

"வேலை இருந்தா வருவாங்கம்மா."

"நான் வேலையாத்தான் வந்தேன். ஒரு சந்தேகம்." மானிட்டரில் நின்றிருந்த தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல நல்லாத்தான் இருக்கேன். கண்ணாடியில பாத்தா வேற எவளோ நிக்கிறா. சாப்பாடு எறங்கல, ராத்திரியெல்லாம் உடம்பு அரிக்குது. நாளைக்கு லீவு போட்டுட்டு டாக்டரப் பாக்கலாமான்னு யோசிக்கிறேன். லீவுன்னா இயக்குநர் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. இதுல எது தம்பி நிஜம்? ஸ்கிரீனா, கண்ணாடியா?"

"ஸ்கிரீன்தான்மா. மேக்கப் ரூம் லைட்டு சரியில்ல."

"பாருங்க, நான் ஒரு பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தார். அந்த நேரம் பார்த்துத் தங்கையிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். "இந்தாடி, கலர் பண்றவரு பக்கத்துலதான் இருக்காரு. அவர்கிட்டயே கேளு. நான் சொன்னா நம்ப மாட்ட."

தங்கை கேட்டாள்: "சார், நான் நர்ஸு. அக்கா சொல்றதக் கேட்டா எனக்குச் சந்தேகமா இருக்கு. அதான் தெனமும் டிவில அவ கண்ணையே பாக்குறேன். பளிச்சுன்னு இருக்கு. டிவில வரது அப்படியே அவ கண்ணுதானே? நீங்க எதுவும் பண்றதில்லையே?"

"அப்படியேதான்மா. நாங்க ஒண்ணும் பண்றதில்ல" என்றேன்.

"அப்பாடா" என்றாள் தங்கை. "அலைச்சல்தான்க்கா. தண்ணி நெறைய குடி. லீவு கெடைக்கும்போது வா, நானே டெஸ்ட் எடுக்குறேன்."

டீச்சரம்மா போன பிறகு பிஸ்கட்டைப் பிரித்துச் சாப்பிட்டேன். தினமும் நோயாளிகளின் கண்ணைப் பார்க்கிறவள், தேடியும் கண்டுபிடிக்கவில்லை. என் வேலைக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் யார் தருவார்கள்? அன்று கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு நான்கு வாரம் நடித்தார். செட்டில் விழுந்தார். பித்தம் இறங்கும் குழாய் அடைத்திருந்ததாம். உள்ளே சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்துவிட்டது. இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் சின்ன சிகிச்சையில் சரியாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்வி. "நேத்து எபிசோட்ல கூட எவ்ளோ தெளிவா இருந்தாங்க" என்று இயக்குநர் அழுதார்.

ஆஸ்பத்திரியில் அக்காவின் கண்ணை நேரில் பார்த்திருந்த தங்கை பதினாறாம் நாள் வந்தாள். என் வேலை படாத ஒரிஜினலைக் காட்டச் சொன்னாள். ஒன்பது வாரத்தையும் வரிசையாகப் போட்டுக் காட்டினேன். மறைக்க நினைத்திருந்தால் அழித்திருப்பேனே. அவள் கடைசிவரை அழவில்லை.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"மொத வாரமே."

"என்னன்னு தெரியாம, வெறும் கலர்னு நெனச்சிட்டீங்களா?" அப்படி நான் சொல்லிவிட வேண்டும் என்று அவள் எதிர்பார்த்த மாதிரி இருந்தது. நான் பொய் சொல்ல விரும்பவில்லை.

"தெரியும்மா. எங்க அப்பாவுக்கும் கண்ணுலதான் ஆரம்பிச்சுது. அதே அடைப்பு."

"அப்பா எப்பத் தவறினாரு?"

"தவறலம்மா. அன்னிக்கே நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். வீட்டுல இருக்காரு. நல்லாருக்காரு."

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

நான் சொன்னது எல்லாம் உண்மை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த அம்மாவுக்கு நான் தீங்கு செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள். நாற்பத்தைந்து எபிசோடிலும் அவரை நோயாளி என்று யாராவது ஒருவர் சொன்னார்களா, கேட்டுப் பாருங்கள்.