காக்கிச் சட்டை வாத்தியார்

போலீசா? அட, நீங்க ஒண்ணு! காக்கி டவுசர் மாட்டுனவுக எல்லாம் போலீசாயிருவாகளாக்கா? அது எங்க வீட்டுக்காரக. வாத்தியாரு. பஸ்ஸடியில விசில் ஊதுனதும் அவுகதான். பொண்டாட்டிய வழியனுப்ப வந்தவுக கைய ஆட்டுவாக, இவுக விசில் ஊதுறாக. கண்டக்டர்தான் ஊதுறாருன்னு டிரைவர் வண்டிய எடுத்துட்டாரு. வெத்தலைக் கூடையோட அந்தம்மா பின்னாடியே ஓடியாந்துச்சே, பாத்தீகள்ல?

பேரா? புருசன் பேர நான் எப்பிடிக்கா சொல்ல. சுவாமிதாஸ் வாத்தியாரே, ஊதாதீகன்னு கண்டக்டர் கத்துனாருல்ல, அதான்.

கழுத்துல கட்டியிருந்தது துண்டில்ல, ஸ்கார்ப்பு. ஸ்கௌட்டுக்காரக கட்டுறது. தமிழ்ல சாரணர்ங்கிறாக. பள்ளிக்கூடத்துப் பயலுகளக் கூட்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள போயி, கூடாரம் போட்டு, கல்லக் கூட்டிச் சோறாக்கி, நாரு கிழிச்சு, பொட்டி முடைஞ்சு, மரத்துல ஏறி எறங்கி... ஆமாக்கா, நம்ம பக்கம் ஆடு மேய்க்கிற பயலுக தெனமும் செய்யிறதுதான். டவுசர் போட்டுக்கிட்டுச் செஞ்சா அதுக்குப் பேரு ஸ்கௌட்டு.

எறங்கிராதீக, உக்காருங்க. வண்டி நிக்கிறது கரி அடுப்பு அணைஞ்சு போனதுக்கு. அந்தக் கிளீனர் பய சுத்திச் சுத்திக் காத்தடிச்சு, கங்கு பிடிச்சு, பெறகுதான் ஓடும். ஒலகச் சண்டையில பெட்ரோல் கெடைக்காமக் கரிக்கு மாத்துனாக, சண்டை முடிஞ்சு மூணு வருசம் ஆச்சு, இவுக வண்டி மட்டும் இன்னும் கரியிலதான் ஓடுது. நீங்க எறங்குறது வீரசோழனா? அப்ப கடைசி வரைக்கும் போகணும். நான் நடுவுல, உடைகுளம் விலக்குல எறங்கிருவேன்.

சொந்தமில்ல. உடைகுளத்துல சோணைமுத்துன்னு ஒரு அண்ணன், அவரு பிள்ளைக்குக் காதுகுத்து. அவரு எங்களுக்கு எப்பிடிப் பழக்கம்னா, அதுக்கும் இந்த ஸ்கௌட்டுதான் காரணம்.

சண்டை சமயத்துல எங்க பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியாரு பட்டாளத்துக்குப் போயிட்டாரு. ஸ்கௌட்டப் பாக்க ஆளில்ல. மானேசர் ஐயா ஒரு புஸ்தகத்தையும் ஒரு காக்கிச் சட்டையையும் எங்க வீட்டுக்காரக கையில குடுத்துட்டாரு. இவுக கணக்கு வாத்தியாருக்கா. வெட்டவெளியில ஒரு நாள் படுத்ததில்ல. தேளுன்னா வேட்டிய உதறிக்கிட்டுத் தெருவுக்கு ஓடுறவுக. ஆனா அந்தப் புஸ்தகத்தப் பிரிச்சாக பாருங்க, வேதப் புஸ்தகத்துக்கு அடுத்தது அதுதான்னு ஆகிப்போச்சு. அதுல என்ன போட்டிருக்கு தெரியுமா? பனிக்கட்டி மேல வழுக்காம நடக்குறது எப்பிடி, கரடி வந்தா என்ன செய்யிறது. நம்ம கரிசக் காட்டுல! உருகுறதுக்கு நம்ம ஊர்ல தார் ரோடு தவிர என்ன இருக்கு? நான் சிரிச்சா, நீ பேசாம இரு, ஒரு சாரணன் எதுக்கும் தயாரா இருக்கணும்பாக.

நாப்பத்தி நாலு, பங்குனி மாசம். திருச்சுழிக்கு இங்கிட்டு, குண்டாத்துக் கரையில நாலு நாள் முகாம். பதினாறு பயலுக. கடைசி நாள் மதுரையில இருந்து ஸ்கௌட்டு கமிஷனர் வந்து பாப்பாராம். ரெண்டே தீக்குச்சியில அடுப்பு மூட்டணும். தடம் பாத்துப் போகணும். அந்தந்த ஊர்ல கெடைக்கிறத வச்சுக் கைவேல செஞ்சு காட்டணும். ஆத்துக்கு மேல கயித்துப் பாலம் கட்டணும். பங்குனியில குண்டாத்துல தண்ணி ஏதுக்கா? இவுக சொன்னாக, தண்ணி இருக்கணும்னு புஸ்தகத்துல போடல, ஆறுதான் இருக்கணும்னு போட்டிருக்குன்னு.

கொண்டுபோன கயிறு பாதிப் பாலத்துக்குத்தான் காணும். மொத நாளே பதினாறு பயலும் ஆளுக்கு ரெண்டு குச்சி கிழிச்சாக. காத்து. முப்பத்திரெண்டு குச்சியும் போச்சு, ஒரு அடுப்பும் பத்தல. அன்னைக்குப் பகலுக்கு ஊற வச்ச அரிசியும் கருப்பட்டியும்தான். கொண்டுபோன தண்ணியும் மத்தியானத்தோட தீந்துபோச்சு. பயலுக மூஞ்சி சுண்டிப் போயிருச்சு. இவுகளுக்கு அழுகையே வந்துருச்சாம். என்கிட்ட சொன்னாக. வெளிய காட்டிக்கிட முடியுமா? ஒரு சாரணன் கஷ்டத்துலயும் சிரிச்சுக்கிட்டே இருக்கணுமாம், எட்டாவது சட்டம். சிரிச்சுக்கிட்டே விசில எடுத்து, பயலுகளக் கூட்டுறதுக்காக ஊதியிருக்காக.

அந்த விசில் சத்தம் கேட்டதும் உடைமரத்துப் புதருக்கு அங்கிட்டு ஒரு ஆளு, விறகு பெறக்கிக்கிட்டு இருந்தவரு, சடார்னு குத்தவச்சு உக்காந்துட்டாரு. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிட்டாரு. இவுகளுக்கு ஒண்ணும் புரியல. பக்கத்துல போறாக. அந்தாளு காக்கிச் சட்டையப் பாக்குறாரு, மடியில இருந்து ஒரு அழுக்குச் சீட்ட எடுத்து நீட்டுறாரு. எசமான், சீட்டு இருக்குங்க, இன்னைக்குப் பொழுது சாயிற வரைக்கும் இருக்குங்கன்னு.

ராதாரிச் சீட்டுக்கா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. கைரேகைச் சட்டத்துல, குத்தப் பரம்பரைன்னு வெள்ளக்காரன் பேரு ஏத்துன ஆளுக ஊர விட்டு ஊரு போகணும்னா அது வேணும். போன வருசம்தான் அந்தச் சட்டத்த எடுத்தாக. அதுவரைக்கும் களவு செஞ்சானோ செய்யலையோ, அந்த ஆளுகளாப் பெறந்தாப் போதும், பொழுது சாயக்குள்ள ஸ்டேஷன்ல போயி நிக்கணும். அவருதான் சோணைமுத்து அண்ணன்.

எங்க வீட்டுக்காரக கூசிப் போயிட்டாக. ஐயா, எந்திரிங்க, நான் போலீசில்ல, கணக்கு வாத்தியாருன்னு கையெடுத்துக் கும்பிட்டாகளாம். அவரு நம்பல. கணக்கு வாத்தியாருக்கு எதுக்குங்க விசிலுன்னு கேட்டாராம். நல்ல கேள்விதான்.

பெறகு அடுப்பப் பாத்தாரு, பயலுக மூஞ்சியப் பாத்தாரு.  மணல்ல குழியத் தோண்டி, உள்ளுக்குள்ள காஞ்ச பனந்தும்பு, மேல வேலங்குச்சி. ஒரே குச்சியில பத்திருச்சு. ஆத்துக்குள்ள நடந்து போயி ஒரு எடத்துல கால வச்சு அமுக்குனாரு, இங்க தோண்டுங்கய்யான்னாரு. ஒரு மொழங்கூடத் தோண்டல, ஊத்து சுரந்துருச்சு. அன்னைக்குச் சாயங்காலம் பயலுக சுடுசோறு தின்னாக.

மறுநாள்ல இருந்து சீட்டு வாங்கிக்கிட்டு வந்துருவாரு. கத்தாழைய அடிச்சு நாரு எடுத்துக் கயிறு திரிக்கச் சொல்லிக் குடுத்தாரு. பனையோலையில தண்ணி ஒழுகாத பட்டை, ஈச்ச நாருல பொட்டி. பாலம் பூராம் அவரு திரிச்ச கயிறுதான். மணல்ல தடத்தப் பாத்துட்டு, இது வெள்ளாடு, பின்னங்கால் நொண்டின்னாரு. பயலுக தடம் பிடிச்சுப் போனா, அரை மைலுக்கு அப்பால ஒரு நொண்டி வெள்ளாடு ஆவரஞ்செடியக் கடிச்சுக்கிட்டு நிக்குது. எங்க வீட்டுக்காரகளுந்தான் பயலுகளோட உக்காந்து கத்துக்கிட்டாக. கயிறு திரிச்சுத் திரிச்சு உள்ளங்கை பொத்துப் போயி வந்தாக.

அப்பத்தான் அண்ணன் கேட்டாராம், வாத்தியாரய்யா, இதெல்லாம் கத்துக்கிட்டா இந்தப் பயலுகளுக்கு என்ன குடுப்பாகன்னு. பேட்ஜுன்னு ஒண்ணு, சட்டையில தச்சுவிடுவாகன்னு இவுக சொன்னாக. அண்ணன் தன்னோட கைய விரிச்சுப் பாத்துக்கிட்டாராம். எனக்கும் இதே வித்தைதான்யா, இதுக்குத்தான் பத்து வெரலையும் மையில முக்குனாகன்னாராம். கோவமாச் சொல்லலையாம். சும்மா, மழை பெய்யலைங்கிற மாதிரிச் சொன்னாராம். 

கடைசி நாள் கமிஷனர் மூணு மணிக்கு வரணும். அவரு காரு சக்கரத்துல கருவேல முள்ளு ஏறிருச்சு. பொழுது எறங்கிக்கிட்டு இருக்கு. ஸ்டேஷன் நாலு மைலு. அண்ணன் கெளம்புறேங்கிறாரு. எங்க வீட்டுக்காரக கையப் பிடிச்சுக்கிட்டாக. நீங்க செஞ்சத நீங்க நின்னு பாக்கணும், அவுக வாயால நாலு வார்த்தை கேக்கணும், ஸ்டேஷனுக்கு நானே கூட வந்து சொல்றேன், இது சாரணன் சொல்லுன்னாக. அண்ணன் நின்னுட்டாரு. அவரு வாழ்க்கையில அப்பிடி யாரு கையப் பிடிச்சு நில்லுங்கன்னு சொல்லியிருக்கா? ஸ்டேஷன்லதான் சொல்லியிருப்பாக.

கமிஷனர் வந்தாரு. இம்புட்டுத் தொந்தி, அதுக்குக் கீழ ஒரு டவுசரு. எல்லாத்தையும் பாத்து அசந்துட்டாரு. பயலுக பாலத்துல நடக்குறாக, கீழ வெறும் மணல்ல ஒரு மந்தை ஆடு போகுது, இவரு கையத் தட்டுறாரு. யாரு பழக்குனதுன்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரக பொய் சொல்லல, இவருதான்னு அண்ணனக் காட்டிட்டாக. கமிஷனர் உடனே இடது கைய நீட்டுனாரு. ஸ்கௌட்டுக்காரக இடது கையத்தான் குடுப்பாக, நெஞ்சுக்குப் பக்கமாம். அண்ணனுக்கு அது என்ன தெரியும்? இடது கைய நீட்டுனா அவருக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். பெருவெரல மட்டும் நிமித்தி நீட்டுனாரு, ரேகை வைக்க. கமிஷனர் அந்த வெரலப் பிடிச்சுக் குலுக்கிட்டு வெரி குட்னு சொல்லிட்டாரு.

சிரிங்க, சிரிங்க. நானும் அந்த எடத்துல சிரிப்பேன்.

அப்பறமென்ன, கமிஷனர் பேசுனாரு. போட்டோப் பிடிச்சாக. கூட உக்காந்து சாப்பிடுங்க மிஸ்டர் சுவாமிதாஸுன்னு இவுகளப் பிடிச்சு உக்கார வச்சுட்டாரு. அண்ணன் தூரத்துல நின்னு பாத்துட்டுத் தனியாப் போயிட்டாரு. காலையில போயிச் சொல்லிக்கிடலாம்னு இவுக நெனச்சாக. காலையில போனா, ஆள ஏற்கெனவே வெலங்கு மாட்டி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோயிட்டாக. பொழுது சாஞ்சும் ஆஜராகல, மடியில கயிறு, சூரிக்கத்தி, தீப்பெட்டி. இதுக்கு மேல என்ன வேணும்?

இவுக பதறிக்கிட்டு மானேசர் ஐயாகிட்டப் போனாக. அவரு சொல்லிட்டாரு, முகாம் பிரமாதம்னு மதுரைக்கு ரிப்போர்ட்டுப் போயிருச்சு, இப்ப ரேகைக்காரன் வந்து சொல்லிக் குடுத்தான்னு கோர்ட்டுல போயிச் சொன்னா பள்ளிக்கூடத்து மானம் என்ன ஆகுறது, சொல்லணும்னா வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போயிச் சொல்லுன்னு. ரெண்டு நாள் இவுக சரியாச் சாப்பிடல. மூணாம் நாள் உக்காந்து மாஜிஸ்திரேட்டுக்குக் கடுதாசி எழுதுனாக. இங்கிலீசுல, நாலு பக்கம். இந்தாளு தப்பு இல்ல, நான்தான் பிடிச்சு நிறுத்துனேன், கோர்ட்டுல வந்து சத்தியம் பண்ணத் தயார்னு. எழுதி முடிச்சதும் மூஞ்சியே தெளிஞ்சுருச்சுக்கா. பள்ளிக்கூட மணி அடிச்சுருச்சு, நீ போயித் தபால்ல போட்டுருன்னு என் கையில குடுத்துட்டுப் போனாக.

ஒண்ணும் ஆகல. மாஜிஸ்திரேட்டு கூப்பிடல. அண்ணனுக்கு ஆறு மாசம். ஜெயில்ல என்ன வேலை குடுத்தாகங்கிறீக? கயிறு திரிக்கிறது. அதே மாசம் எங்க வீட்டுக்காரகளுக்கு மெடலு வந்துச்சு. வாங்கிட்டு வந்து பெட்டியில போட்டுப் பூட்டுனவுக அதத் தொடவேயில்ல. அண்ணன் பொண்டாட்டி முத்துமாரியம்மாள் அப்ப நெறமாசம். பிள்ளை தவழ ஆரம்பிச்ச பெறகுதான் தகப்பன் வந்து பாத்து, பேரு வச்சாரு.

வெளிய வந்ததும் நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தாரு. சண்டைக்குத்தான் வாராருன்னு நான் உள்ள ஓடிட்டேன். இவுக அவரக் கட்டிப் பிடிச்சு அழுதுட்டாக. நான் எழுதுனேன் சோணைமுத்து, அந்த மாஜிஸ்திரேட்டுக்கு மனசு எரங்கலைன்னாக. அண்ணன் இவுக கையப் பிடிச்சுக்கிட்டாரு. எனக்காகவா, தொரைக்காய்யா எழுதுனீக, எங்காளுகளுக்கு இதுவரைக்கும் யாரும் ஒரு வரி எழுதுனதில்லையேன்னாரு. அன்னைக்குப் பிடிச்ச உறவு. வருசா வருசம் கடலை, கம்பு, தட்டாம்பயறு, எல்லாம் மூட்டையா வந்து எறங்கும். வேண்டாம்னாக் கேக்க மாட்டாரு.

இவுகளுக்கு நாளைக்கு முகாமு. இல்லாட்டி அவுகதான் வந்திருப்பாக. நீ போகலைன்னா அண்ணன் சங்கடப்படுவாருன்னு என்னைய ஏத்திவிட்டுட்டாக. நாலு வருசமா அவுக ஊருக்குப் போகாம ஏதாவது சாக்கு சொல்லித் தப்பிச்சுக்கிட்டு இருந்தேன்.

வண்டி பெருமூச்சு விடுது, கெளம்பிருச்சு. அந்தா தெரியுது பாருங்க பனங்காடு, அதான் விலக்கு. அந்தத் தூக்குச்சட்டிய இங்கிட்டு எடுங்கக்கா.

என்னது, மாஜிஸ்திரேட்டு ஒரு பதில்கூடவா போடலைன்னா? ஆமா, நீங்களும் அவுக மாதிரியே கேக்குறீக. மாஜிஸ்திரேட்டு எப்பிடிக்கா பதில் போடுவாரு? கடுதாசி போயிருந்தாத்தான. தபால்பெட்டி வரைக்கும் போனேன். கடுதாசியப் பெட்டி வாயில வச்சுட்டேன், பாதி உள்ளயும் போயிருச்சு, இழுத்துக்கிட்டேன். எனக்கு மூணும் சின்னப் பிள்ளைக. குடியிருந்தது பள்ளிக்கூடத்து வீடு, வேலை போனா அதுவும் போச்சு. திரும்பி வந்து சோத்துக்கு உலை வச்சேன், அந்த அடுப்புலயே வச்சு எரிச்சுட்டேன். நல்ல கெட்டித் தாளு, எரிய நேரமாச்சு.

தெரியாது. அவுகளுக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. என் வீட்டுக்காரிதான் வெயில்ல நடந்து போயிப் போட்டுட்டு வந்தாள்னு அவுக வேற அண்ணன்கிட்ட சொல்லி வச்சிருக்காக.

ஏப்பா, நிப்பாட்டு, நிப்பாட்டு! வாரேன்க்கா. உங்ககிட்ட சொல்லிட்டேன், நீங்க வீரசோழன், நான் அருப்புக்கோட்டை, இனி எங்க பாக்கப் போறோம். அந்தா நிக்கிறாக பாருங்க, அண்ணனும் முத்துமாரியும். ஏ சவுந்தரம், வண்டிக்கிட்ட ஓடாதன்னு கத்துறாகல்ல? என்னையில்லக்கா. என் பேரும் அதுதான். பிள்ளைக்கு என் பேரத்தான் வச்சிருக்காக.